உப்புக் கரிக்கும் முத்தம்

ஈ.சி.ஆர். ரோட்டுல புதுச்சேரி போறவங்க மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பீங்க. அந்தக் காத்துல கொஞ்ச நேரம் நின்னாலே உதடு கரிக்கும். அங்கே ஒரு அம்மா குழந்தைக்கு முத்தம் கொடுத்துட்டு "கரிக்குதே"ன்னா யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆனா ஐரோப்பாவில் அந்தக் காலத்தில், முத்தம் கரித்தால் குழந்தை தங்காது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. 1938ல் நியூயார்க் மருத்துவர் டோரதி ஆண்டர்சன், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். நுரையீரலில் சளி பிசின் மாதிரி ஒட்டும். கணையம் அடைபட்டுச் சாப்பாடு செரிக்காது. 1948ல் அங்கே கடும் வெயில். சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு இந்த நோய். ஏன் இவங்களுக்கு மட்டும்? துருவிப் பார்த்த பால் டி சான்ட் ஆக்னீஸ் 1953ல் விடை சொன்னார்: இவர்கள் வேர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. இன்னிக்கும் வேர்வைப் பரிசோதனைதான் நோயைக் காட்டிக்கொடுக்குது.

வெள்ளைக்காரங்க வியாதின்னு நம்ம நாட்டுல ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. 1968லேயே இங்கே ஒரு குழந்தைக்கு இருந்தது மருத்துவ இதழில் வந்தாச்சு. இன்று வேலூர் சி.எம்.சி.யில் இதற்குச் சிகிச்சை தருகிறார்கள். நம்ம வெயிலுக்கு இந்தக் குழந்தைகளுக்குத் தினமும் கூடுதல் உப்பு வேணும்.

வேடிக்கை என்னன்னா, மருந்தும் உப்புதான்! 2006ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 164 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிப் பேர் 7 சதவீத உப்புக் கரைசலை, அதாவது கடல்நீரைப் போல இரண்டு மடங்கு உப்பை, நெபுலைசரில் இழுத்தார்கள். அவர்களுக்கு நுரையீரல் நோய் திடீரென முற்றுவது பாதிக்கும் மேல் குறைந்தது. (கிருமி நீக்கிய கரைசல்ங்க, உப்பளத் தண்ணி இல்ல!)

ஆனா அது தினம் ரெண்டு வேளை, 48 வாரம். அதோட நெஞ்சைத் தட்டிச் சளி எடுக்கணும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் செரிமான மாத்திரை. ஒருநாள் விட்டா ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்கும். அதுதான் ஆபத்தே, மறுநாளும் விடத் தோணும். சளி உள்ளே சத்தமில்லாம சேரும். 2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புது மாத்திரையின் விலை, அப்போதே வருஷத்துக்கு மூணு லட்சம் டாலருக்கு மேல். நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தினசரி உழைப்புதான் ஆயுசு.

இருமல் விடலை, நல்லா சாப்பிட்டும் எடை ஏறலை, தோல் கரிக்குது என்று எந்த அம்மாவாவது சொன்னா, கடல் காத்துன்னு தள்ளிடாம டாக்டர்கிட்ட வேர்வைப் பரிசோதனை பத்திக் கேக்கச் சொல்லுங்க மக்களே.