சத்து மாத்திரைகளின் பக்கவிளைவுகள்

இரும்பையும் வைட்டமின்களையும் உணவின் வழியாக அல்லாமல் மாத்திரை, டானிக், சொட்டு மருந்து, ஊசி ஆகிய வடிவங்களில் எடுத்துக்கொள்ளும்போது உண்டாகும் வேண்டாத விளைவுகளே சத்து மாத்திரைகளின் பக்கவிளைவுகள் எனப்படுகின்றன. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒவ்வாமையால் வருபவை அல்ல. அளவாலும் நேரத்தாலும் வருபவை. இவ்விரு வகைச் சத்துகளையும் பற்றி மக்களிடம் உள்ள அச்சம் பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. இரும்பு, விழுங்கிய அன்றே வயிற்றைப் புரட்டித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தேவைப்படுபவர்களே அதை நிறுத்திவிடுகிறார்கள். வைட்டமின்களில் சில மாதக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். அவற்றைத் தேவைப்படாதவர்களும் ஆண்டுக்கணக்கில் விடாமல் சாப்பிடுகிறார்கள்.

இரும்பு வயிற்றில் செய்வது

இரத்தசோகைக்கு அதிகமாகத் தரப்படுவது ஃபெரஸ் சல்பேட். சித்த மருத்துவத்தில் அன்னபேதி என்று வழங்கும் உப்பும் இதுவேதான். அதிலிருந்து செய்யும் அன்னபேதிச் செந்தூரம் வெளுப்பு நோய்க்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவருகிறது. செந்தூரத்தையும் ஆஸ்பத்திரி மாத்திரையையும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறவர்கள், இரண்டிலும் இருப்பது இரும்புதான் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

விழுங்கும் இரும்பில் சிறு பகுதியே, பொதுவாகப் பத்திலிருந்து இருபது விழுக்காடு வரை, இரத்தத்துக்குப் போகிறது. மிச்சம் குடலிலேயே தங்குகிறது. தங்கிய இரும்பு குடலின் உட்சவ்வை அரிக்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்களின் கூட்டணியையும் மாற்றிவிடுகிறது. குமட்டல், நெஞ்சு கரிப்பு, மேல்வயிற்று வலி, வாயில் உலோகச் சுவை, மலச்சிக்கல், சிலருக்கு மட்டும் பேதி ஆகியவை இதிலிருந்து வருகின்றன. இவை மனப்பிரமை இல்லை என்பதற்கு ஆதாரம் உண்டு. மொத்தம் 6,831 பெரியவர்கள் பங்கேற்ற 43 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த பகுப்பாய்வில், ஃபெரஸ் சல்பேட் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவு வரும் வாய்ப்பு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது. ஆகவே “மாத்திரை ஒத்துக்கல” என்று சொல்லும் கர்ப்பிணியைச் செவிலியர் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. அவர் சொல்வது உண்மைதான்.

மலம் கருப்பாகப் போவது இந்தத் தொந்தரவுகளுள் அடங்காது, அது தீங்கற்றது. உறிஞ்சப்படாத இரும்பு குடலில் கந்தகத்தோடு சேர்ந்து கரிய சேர்மமாகிறது, அவ்வளவுதான். ஆனால் வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தாலும் மலம் கருப்பாகும் என்பதால் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். இரத்தம் கலந்தது தார் போலப் பளபளத்து ஒட்டும். நாற்றம் கடுமையாக இருக்கும். தலைசுற்றலோ அதிக அசதியோ சேர்ந்திருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெருங்குடலைக் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தால், இந்தக் கருமை பார்வையை மறைக்கும் என்பதற்காகச் சுமார் ஒரு வாரம் முன்னதாகவே இரும்பை நிறுத்தச் சொல்வார்கள்.

கர்ப்பத்தில் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் குழந்தை கருப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. மலத்தின் நிறத்துக்கும் குழந்தையின் தோல் நிறத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டானிக்காகவும் சொட்டாகவும் தரும் இரும்பு குழந்தைகளின் பல்லில் கறை படியச் செய்வது உண்மை; அது மேற்பூச்சுக் கறை, பல் மருத்துவர் எடுத்துவிடலாம். மாத்திரை தொண்டையிலோ உணவுக்குழாயிலோ ஒட்டிக்கொண்டால் அந்த இடம் புண்ணாகும். படுத்துக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்குகிற முதியவர்களுக்கே இது அதிகம் வருகிறது.

எதற்காக நிறுத்துகிறார்கள்

இந்தியாவில் 1970இலிருந்தே கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அரசு இரும்பும் ஃபோலிக் அமிலமும் தந்துவருகிறது. 2018இல் தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டத்தின்படி கர்ப்பிணிக்கு நாள்தோறும் ஒரு சிவப்பு மாத்திரை (60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) குறைந்தது 180 நாள். வளரிளம் பருவத்தினருக்கு அதே அளவில் வாரம் ஒரு நீல மாத்திரை. இத்தனை ஆண்டுகள் கொடுத்தும், 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. இதற்குக் காரணங்கள் பல. இரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதும் இல்லை. ஆனாலும் வாங்கிய மாத்திரை வயிற்றுக்குப் போகாமல் அலமாரியிலேயே கிடப்பதில் பக்கவிளைவுக்குப் பெரும் பங்குண்டு.

இந்தச் சிக்கலுக்கு வழி காட்டியது ஹெப்சிடின் என்ற ஹார்மோன் பற்றிய அறிவு. கல்லீரலில் சுரக்கும் இது, உடம்புக்குள் இரும்பு நுழையும் வாசலைக் காக்கிறது. ஒரு வேளை மாத்திரை விழுங்கியதும் ஹெப்சிடின் ஏறும். ஏறியது இறங்க ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். அதற்குள் அடுத்த மாத்திரை போனால் அதில் பெரும்பகுதி உள்ளே சேராமல் வயிற்றைத்தான் வருத்தும். சூரிச் நகர ஆய்வாளர்கள் இரும்பு குறைந்த இளம்பெண்களிடம் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் சாப்பிட்டவர்கள் மாத்திரையிலிருந்த இரும்பில் 16.3 விழுக்காட்டையும், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டவர்கள் 21.8 விழுக்காட்டையும் உறிஞ்சினார்கள். ஆக, ஒரே நாளில் மூன்று வேளை இரும்பு எழுதித் தரும் பழைய வழக்கம் பயனைவிடத் தொந்தரவையே கூட்டியது. கர்ப்பிணிகளுக்குத் தினமும் ஒன்று என்பதே இன்றும் அரசு வழிகாட்டுதல். மற்றவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம்.

வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும், ஆனால் குமட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு குமட்டல் குறையும், உறிஞ்சுவதும் குறையும். முற்றிலும் நிறுத்திவிடுவதைவிட இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகாவது விழுங்குவது மேல். காப்பி, தேநீர், பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். குடலில் மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் வயிற்றைக் குறைவாகத் தொந்தரவு செய்வது உண்மை. ஆனால் இரும்பை உறிஞ்சும் முன்சிறுகுடலைத் தாண்டிப் போய்க் கரைவதால் பலனும் அதற்கேற்பக் குறைகிறது. விலை மட்டும் குறைவதில்லை. எலுமிச்சைச் சாறோ வைட்டமின் சி மாத்திரையோ கூடவே வேண்டும் என்ற அறிவுரையும் நம்பப்படும் அளவுக்கு முக்கியமில்லை. வைட்டமின் சி சேர்த்ததால் ஹீமோகுளோபின் கூடுதலாக ஏறவில்லை என்று 2020இல் வெளிவந்த சீன ஆய்வு காட்டியது.

இரும்பு கூடாதவர்கள்

மனித உடம்பில் மூன்று, நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் வெளியேறும். கூடுதலாகச் சேர்ந்ததை வெளியே தள்ளும் வழி உடம்புக்கு இல்லை. அதனால் தலசீமியா நோயாளிகளுக்கும், பரம்பரையாக இரும்பு சேரும் நோய் உள்ளவர்களுக்கும் அது கல்லீரலிலும் இதயத்திலும் படிந்து கேடு செய்யும். பீட்டா தலசீமியாவின் சாயல் மட்டும் உள்ளவர்களுக்கும், இரும்புக் குறைவில் போலவே, சிவப்பணுக்கள் சிறிதாக இருக்கும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல், ஹீமோகுளோபின் குறைவு என்ற ஒன்றை மட்டும் வைத்து இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுப்பது நம் ஊரில் அபூர்வமல்ல.

மலேரியா மிகுந்த பகுதிகளில் வேறொரு சிக்கல் தெரியவந்தது. தான்சானியாவின் பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2003இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் இறந்ததும் அந்தக் குழந்தைகளிடம் 12 விழுக்காடு அதிகமாக இருந்ததே காரணம். மலேரியாவைத் தடுக்கவும் குணப்படுத்தவும் ஏற்பாடு இருக்கும் இடத்தில்தான் குழந்தைகளுக்கு இரும்பு என்று உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது.

இரும்பு உயிரைப் பறிப்பது பெரும்பாலும் குழந்தைகள் தவறுதலாக விழுங்கும்போதுதான். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தொடங்கும். 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்த இரண்டாம் எல்லை, அம்மாவின் சிவப்பு மாத்திரையில் பத்து. சர்க்கரை பூசிய அந்த மாத்திரை குழந்தையின் கண்ணுக்கு மிட்டாய்தான். முதலில் வாந்தியும் இரத்தப்பேதியும் வரும். பிறகு சில மணி நேரம் குழந்தை தெளிந்ததுபோல் இருக்கும். அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. அதன் பிறகே இரத்த அழுத்தம் சரிந்து கல்லீரல் கெடும். டெஸ்ஃபெரியாக்சமின் என்ற முறிமருந்து உண்டு. அமெரிக்காவில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நச்சுச் சாவுகளுக்கு ஒரு காலத்தில் இரும்பே முதற்காரணமாக இருந்தது. 1997இல் எச்சரிக்கை வாசகமும், ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாகப் பொதியும் விதியும் வந்த பிறகு அந்தச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

ஊசி வழி

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கடுமையான சோகைக்கும் சிரை வழியாக இரும்பு ஏற்றுகிறார்கள். பழைய இரும்பு டெக்ஸ்ட்ரான் ஒவ்வாமை அதிர்ச்சிக்குப் பேர்போனது. இப்போதைய அயர்ன் சுக்ரோஸ் போன்றவற்றில் அது மிக அரிது. மருந்து சிரையை விட்டு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்து இரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைக்கிறது. 2020இல் வெளிவந்த இரு ஆய்வுகளில் அதைப் பெற்றவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு அப்படி ஆயிற்று. திரும்பத் திரும்ப ஏற்றினால் எலும்பு வலியும் தசை பலவீனமும் வரலாம்.

வைட்டமின்கள்

பி வகையும் சி வகையும் நீரில் கரைபவை, மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பி-காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டதும் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாவது பி2ஆல்தான். அதில் கெடுதல் இல்லை. ஆனால் பாடம் முழு உண்மையல்ல. பி6 அளவு மீறினால் உணர்வு நரம்புகளையே கெடுக்கும். நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை சாப்பிட்டு, கால் மதமதத்துப்போய் நடை தள்ளாடிய ஏழு பேரைப் பற்றி 1983இல் ஒரு மருத்துவக் கட்டுரை வெளிவந்தது. அதைவிட மிகக் குறைந்த அளவிலும் பாதிப்பு வந்ததாகப் பின்னர் தெரிந்தது; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் நாள் உச்சவரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. கால் மதமதப்புக்கென்று மருந்துக் கடையில் ‘நரம்பு மாத்திரை’ கேட்டு வாங்குகிறவர்கள், அட்டையில் பி6 எவ்வளவு என்று பார்ப்பது அவசியம்.

ஃபோலிக் அமிலம் தன்னளவில் சாது. பி12 குறைந்தவர் அதை மட்டும் அதிகமாகச் சாப்பிட்டால் இரத்தசோகை சரியாகிவிடும், நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும். முழுச் சைவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். வைட்டமின் சி நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டினால் பேதியும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரலாம். கொழுப்பைக் குறைக்கத் தரும் அளவில் நியாசின் முகத்தைச் சிவக்க வைத்து எரியச் செய்யும். மெதுவாகக் கரையும் வகை கல்லீரலையும் கெடுக்கக்கூடும்.

கொழுப்பில் கரையும் ஏ, டி உடம்பில் தங்குபவை. வைட்டமின் ஏ மிகுந்தால் தலைவலி, தோல் வறட்சி, முடி உதிர்தல், கல்லீரல் பாதிப்பு வரும்; கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருவின் உறுப்பமைப்பையே கெடுக்கும். கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டின் இப்படி நஞ்சாகாது. அதையே மாத்திரையாகப் புகைபிடிப்பவர்களுக்குக் கொடுத்தபோது விளைவு வேறாக இருந்தது: ஃபின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 1994இல் வெளிவந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக வந்தது. வைட்டமின் ஈயும் இப்படியே ஏமாற்றியது. நாளொன்றுக்கு 400 அலகு சாப்பிட்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியதாக 2011இல் அறிவிக்கப்பட்டது.

இன்று இந்தியாவில் அதிகம் கவனிக்க வேண்டியது வைட்டமின் டி. இங்கே கிடைக்கும் 60,000 அலகு மாத்திரையும் பொடிப் பொட்டலமும் வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் என்ற கணக்கில் தரப்படுபவை. அதைத் தினமும் சாப்பிட்டால், பெரியவர்களுக்கான நாள் உச்சவரம்பான 4,000 அலகைப்போல் பதினைந்து மடங்கு உள்ளே போகிறது. இரத்தத்தில் கால்சியம் ஏறி அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், கடைசியில் சிறுநீரகச் செயலிழப்பு வரை போகலாம். கொழுப்பில் சேமிக்கப்பட்டது கரைய மாதங்கள் ஆவதால் மாத்திரையை நிறுத்தியதும் நோய் நின்றுவிடாது.

பிற மருந்துகளோடும் பரிசோதனைகளோடும்

இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உறிஞ்சவிடாமல் செய்யும். இடையே நான்கு மணி நேரம் வேண்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும் நடுக்குவாதத்துக்கான லெவோடோபாவுக்கும் இதே சிக்கல் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும். அதிக அளவு வைட்டமின் ஈ இரத்தக்கசிவைக் கூட்டும். முடி வளர்ச்சிக்கென விற்கும் பயோட்டின் உடம்பைத் தொந்தரவு செய்வதில்லை, பரிசோதனைக்கூடத்தைத்தான் ஏமாற்றுகிறது: தைராய்டு அளவுகளைத் தவறாகக் காட்டும், மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனினைக் குறைத்துக் காட்டும். இதனால் ஒருவர் இறந்ததாகத் தகவல் வந்ததையடுத்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரிக்கை வெளியிட்டது. பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் இரத்தம் கொடுக்கும்முன் அதைச் சொல்ல வேண்டும். பொதுவாக இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.