வேளா மீனின் கொம்பு: உறையூர் முதல் பழையாறு வரை ஒரு பாதுகாப்பு வரலாறு

கரிகால் சோழனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் ஒரு முழுநிலா நாள் வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் அன்று கடலுக்குப் போகவில்லை. சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தங்கள் தெய்வத்தை ஏற்றி வழிபடுகிறார்கள். தாழம்பூச் சூடி, பனங்கள் பருகி, உண்டு ஆடுகிறார்கள்.

சுறாவுக்கு ஏது கொம்பு? சோழநாட்டுக் கரையில் மீனவர் கையில் கிடைக்கக்கூடிய, நட்டு நிறுத்துமளவு நீண்ட கொம்புடைய மீன் ஒன்றுதான். தமிழ்க் கரையோரம் அதை வேளா என்பார்கள். தட்டையான மூக்கு முன்னோக்கி நீண்டு, இரு ஓரமும் பல் வரிசை பதிந்து, இருபுற ரம்பம்போல் இருக்கும். உடல் சுறாவைப் போன்றது. செவுள் துளைகளோ திருக்கைக்கு இருப்பதைப் போல அடிப்பக்கத்தில் இருக்கின்றன. அதனால் அறிவியல் அதைத் திருக்கை வகையில் சேர்க்கிறது. வேளா முட்டையிடாமல் குட்டி போடும் மீன். சினைச் சுறா என்று புலவர் குறித்ததைப் பார்த்தால், வயிற்றில் குட்டியோடு அகப்பட்ட பெரிய பெண் மீன்களைப் பரதவர் நன்றாகவே அறிந்திருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை.

கரிகாலனின் தலைநகர் உறையூர். இன்று அது திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. துறைமுகம் காவிரியின் முகத்துவாரத்தில், தலைநகர் அதே ஆற்றின் மேல்புறத்தில் என்று சோழநாடு ஒரே நீரால் கோக்கப்பட்டிருந்தது. வேளாவின் கதையைக் கடற்கரையோடு நிறுத்திவிட முடியாததற்கும் அந்த நீர்தான் காரணம். பெரும்பல் வேளா என்னும் இனம் கழிமுகத்தில் குட்டி போடும். குட்டிகள் ஆற்றில் எதிரேறி நன்னீரில் நாலைந்து ஆண்டுகள் வளர்ந்து, பிறகே கடலுக்குத் திரும்பும். முழு வளர்ச்சியில் 6 மீட்டரைத் தாண்டும் ஒரு மீனின் பிள்ளைப் பருவம் ஆற்றில்தான் கழிகிறது.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கம் தீவை அணைத்துக்கொண்டு போகிறது. வடகிளையான கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் அந்தப் பக்கமே சாய்ந்து, தஞ்சைப் பாசனம் தவித்தது. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அதே காலத்தில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், அணைக்கரையில், கீழணையும் எழுந்தது. நெல்லுக்கு அவை செய்த நன்மையைத் தஞ்சை மாவட்டம் முழுதும் அறியும். ஆனால் கடலிலிருந்து ஏறிவரும் மீனுக்கு, பெருவெள்ளக் காலம் தவிர, ஆற்றுப் பாதை அன்றே மறிபட்டது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளமும் மனிதன் திறந்துவிடும் அளவுக்குள் அடங்கியது.

இந்த இழப்பை அக்காலத்தில் யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த பிரான்சிஸ் டே, ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகள் மீன்களின் ஏற்றத்தைத் தடுப்பதை 1873இல் தம் நன்னீர் மீன் அறிக்கையில் எழுதினார். 1875 முதல் 1878 வரை வெளிவந்த அவருடைய பெருநூல் இந்திய மீன்களை இனவாரியாக விவரிக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மாகாண மீன்வளத் துறையினர் கீழணையில் உல்லம் மீனின் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்து குஞ்சு பொரிக்க முயன்றனர். அணையால் தடைபட்ட மீனுக்குக் கைகொடுக்க இந்தியாவில் நடந்த ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று. உல்லம் சந்தையில் விலைபோகும் மீன், அதனால் அந்தக் கவலை பிறந்தது. வேளாவுக்காக யாரும் கவலைப்படவில்லை.

ஆற்றில் அணை தடுத்தது என்றால், கடலில் அதன் கொம்பே அதற்குப் பகையானது. அந்தக் கொம்பு சாதாரண ஆயுதமல்ல. கலங்கிய நீரில் இரையின் உடலிலிருந்து எழும் நுண்ணிய மின்புலத்தை உணரும் துளைகள் அதில் நிறைந்திருக்கின்றன. இரையை அடையாளம் காண்பதும், பக்கவாட்டில் வீசி அடிப்பதும் அதனால்தான். கலங்கல் நீரில் வாழ்வதற்கென்றே அமைந்த அந்த உறுப்புக்கு வலையிலிருந்து தப்பும் வழி மட்டும் தெரியாது. ஒரு பல் மாட்டினால் மீன் தலையை உலுக்கும். உலுக்க உலுக்க மற்றப் பற்களும் கண்ணிகளில் சிக்கிக்கொள்ளும். பருத்தி வலைக் காலத்தில் பெரிய வேளா வலையைக் கிழித்துக்கொண்டு போக இடமிருந்தது. நைலான் வந்தபின் அது குறைந்தது. 1960களில் விசைப்படகுகளும் இழுவலைகளும் பெருகியபோது, வேளா வாழும் ஆழமற்ற சேற்றுக் கரையே அவற்றின் முதன்மைத் தொழில்தளமானது.

வேளாவைத் தேடிப் பிடித்தவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு மீனெண்ணெய் வரத்து நின்றபோது சென்னை மாகாண அரசு சுறா ஈரல் எண்ணெய்த் தொழிலை ஊக்குவித்தது. பின்னர் துடுப்பு வணிகம் பெருகியது. உலகச் சந்தையில் உயர்ந்த விலை பெற்றவற்றுள் வேளாத் துடுப்பும் ஒன்று. கொம்பு அலங்காரப் பொருளாக விலைபோனது. ஓர் ஈற்றுக்குச் சராசரியாக ஏழு குட்டிதான். பருவமெய்தவே எட்டு முதல் பத்து ஆண்டு பிடிக்கும். இப்படிப்பட்ட மீன் அத்தனை வலைக்கும் ஈடுகொடுத்திருந்தால்தான் வியப்பு.

அரசின் பாதுகாப்பு 2001இல் வந்தது, ஆனால் தவறான வாசல் வழியாக. அந்த ஆண்டு ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்குரிய பாதுகாப்பு ஒரே நாளில் சந்தைத் திருக்கைக்கும் கிடைத்தது. சுறாப் புட்டும் திருக்கைக் குழம்பும் அன்றாடச் சோறாக இருக்கும் கரையில், அந்த மீனை நம்பி வாழும் குடும்பங்களைக் கேட்காமல் எடுத்த முடிவு அது. எதிர்ப்பு எழுந்தது. டிசம்பரில் ஆணை திருத்தப்பட்டு 10 இனங்கள் மட்டும் பட்டியலில் நின்றன. அவற்றில் மூன்று வேளா இனங்கள்.

பட்டியல் சுருங்கியது நல்லதே. எல்லாவற்றையும் தடுக்கும் சட்டத்தைக் கரையில் யாராலும் நடைமுறைப்படுத்த முடியாது. ஆனால் சுருங்கிய பட்டியலிலும் பழைய குறை தொடர்ந்தது. புலியைக் கொல்பவன் காட்டுக்குத் தேடிப் போகிறான். வேளாவோ கேட்காமல் வலைக்கு வருகிறது. முதல் அட்டவணை உயிரை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. இதை அறிந்த மீனவர், வலையில் ஒரு வேளா ஏறினால் துறையில் வாய் திறப்பாரா? கொம்பை வெட்டிக் கடலில் வீசிவிட்டு, இறைச்சியைத் துண்டு போட்டால் அடையாளம் அழிந்துவிடும். தண்டனை கூடக்கூடத் தகவல் குறையும். 2021 மார்ச்சில் கர்நாடகத்தின் மல்பே துறைமுகத்தில் ஒரு பெரிய வேளா இறங்கியபோது படங்களோடு செய்தி வந்தது. அப்படி வெளியே தெரிந்தவை மட்டுமே இன்று பதிவுகளில் இருக்கின்றன.

உலக அளவில் சட்டம் முழுமை பெற்றது. 2007இல் ஹேக் நகரிலும் 2013இல் பாங்காக்கிலும் நடந்த சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய ஒப்பந்தம்) மாநாடுகளுக்குப் பின் உலகின் ஐந்து வேளா இனங்களின் பன்னாட்டு வணிகமும் தடைபட்டது. அதற்கு அடுத்த கட்டம்தான் இந்த வரலாற்றில் முக்கியமானது: வலை வீசுபவரையும் கூட்டாளியாக்குவது. அமெரிக்காவில் 2003இல் சிறுபல் வேளா அருகிய உயிரினப் பட்டியலில் சேர்ந்தது; அதைக் கண்ட தூண்டிற்காரர்களும் படகோட்டிகளும் ஆய்வாளர்களுக்குத் தகவல் சொல்லும் ஏற்பாடும் அங்கே உண்டு. இலங்கையில் புளூ ரிசோர்சஸ் டிரஸ்ட் ஆய்வாளர்கள் கரையெங்கும் மீனவர்களிடம் பேசி, வேளா எப்போது குறைந்தது என்பதை அவர்கள் நினைவிலிருந்தே திரட்டினர். முதியவர்களுக்குப் பழகிய அந்த மீனை இளையவர்களில் பெரும்பாலோர் கண்டதில்லை.

காவிரிக்கு இன்னும் நெருங்கிய பாடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்றில் இருக்கிறது. அங்கே காம்பாலின் என்ற இடத்துத் தடுப்பணை பெரும்பல் வேளாக் குட்டிகளின் பாதையை மறிக்கிறது. வறண்ட பருவத்தில் மடுக்கள் வற்றும்போது அவை சிக்கிக்கொள்கின்றன. நிகினா மங்களா பழங்குடிக் காவலர்களும் மர்டாக் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து குட்டிகளைப் பிடித்து, அளந்து, அடையாளம் பொருத்தி, நீருள்ள இடத்தில் விடுகிறார்கள். எந்த மடுவில் மீன் தங்கும் என்பது பழங்குடியினருக்குத் தெரியும். மீன் எவ்வளவு தூரம் போகிறது என்பதைக் கருவி சொல்கிறது.

இந்தியாவிலும் முன்மாதிரிகள் உண்டு. குஜராத் கரையில் திமிங்கலச் சுறாவுக்காக 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் வனத்துறையும் டாடா கெமிக்கல்ஸும் இயக்கம் தொடங்கின. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள் என்று அந்த மீனை ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு மீனவர்களிடம் எடுத்துச் சொன்னார். அந்தச் சொல்லோடு நின்றுவிடாமல், மீனை விடுவிக்க வெட்டிய வலைக்கு இழப்பீடு வந்தது. விடுவித்ததை மீனவரே படமெடுத்துக் காட்டக் கேமராவும் தரப்பட்டது. இதுவரை 900க்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. தமிழகத்தில் 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் அகப்பட்ட கடற்பசுவை விடுவித்த மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பணப்பரிசும் வழங்கிவருகிறது. ஆவுளியா எனப்படும் அந்தக் கடற்பசுவுக்குச் செய்ய முடிந்ததை அதே கடலில் வேளாவுக்கும் செய்ய முடியும்.

விடுவிப்பது எளிதல்ல. வேளாவைப் படகில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் கொம்பு வீச்சில் ஆள் காயப்படுவார், மீனும் சாகும். நீரிலேயே படகோரம் நிறுத்தி, கொம்பில் சுற்றிய கண்ணிகளை நீண்ட கத்தியால் நீளவாக்கில் அறுக்க வேண்டும். கொம்பை ஒடித்துவிட்டு மீனை விடுவதில் பயனில்லை; இரை தேடும் உறுப்பை இழந்த மீன் பிழைப்பது அரிது. இவ்வளவும் செய்து முடிப்பதற்குள் நாட்டுப்படகுக்காரருக்கு வலையில் பல பாகம் போய்விடும். அந்த வலைக்குக் கடன் வாங்கியிருப்பார். இழப்பீடு இல்லாமல் அவரிடம் மனிதாபிமானம் கேட்பது நியாயமாகாது.

இதில் திருச்சிக்கு என்ன வேலை என்ற கேள்வி எழலாம். உறையூர் காசிவிளங்கி மீன் மார்க்கெட்டுக்குக் கடல் மீன் பனிக்கட்டிப் பெட்டிகளில் வருகிறது. வால், துடுப்பு, தலை நீங்கிய சுறாத் துண்டையோ காய்ந்த கருவாட்டையோ பார்த்து இனம் சொல்வது அனுபவமுள்ள வியாபாரிக்கும் கடினம். மரபணுச் சோதனைதான் வழி. கடல் அறிவியல் துறையுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம் இதே ஊரில் இருக்கிறது. வியாபாரிகளின் சம்மதத்தோடு, வழக்குப் போட அல்லாமல் கணக்கெடுக்க மட்டும், மாதந்தோறும் மாதிரி எடுத்தால் எந்தத் துறையிலிருந்து என்ன இனம் வருகிறது என்பது தெரியும்.

ஆற்று நீரும் திருச்சியின் கையில் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பின் பழைய கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதன்பின் புதிய கதவணை கட்டப்பட்டது. கொள்ளிடத்தில் எப்போது, எவ்வளவு நீர் இறங்குகிறது என்பதைப் பொறுத்தே, அது கடலில் சேரும் பழையாற்றுக் கழிமுகத்தின் உப்புநிலையும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் நிலையும் அமைகின்றன. வேளாக் குட்டிகள் வளரத் தகுந்த இடங்கள் அவையே. பாசன அட்டவணை போடும் நீர்வளத் துறையோடு மீன்வளத் துறையும் வனத்துறையும் பழையாற்று மீனவர் பஞ்சாயத்தும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், கழிமுகத்துக்கு நீர் விடும் நாட்களைப் பற்றி முதன்முறையாக மீனின் பக்கமிருந்தும் ஒருவர் பேசலாம். அந்தக் கூட்டத்துக்கு முதலில் அழைக்க வேண்டியவர்கள், வேளாவை வலையில் கண்ட முதியவர்கள். எந்தத் துறையில், எந்த மாதத்தில், எத்தனை பாக ஆழத்தில் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் கரையில் இருக்கிறார்கள்.