ராத்திரி புளோயர் ஓடுச்சா?

போன சித்திரையில் ஒருநாள் காலை ஆபரேட்டர் தம்பி என் கதவைத் தட்டினார். கையில் ஒரு பாட்டில். "அம்மா, ஸ்லட்ஜ் கறுத்துப்போச்சு. சாணம் கரைச்சு ஊத்திடவா?"

"சாணம் இருக்கட்டும். ராத்திரி புளோயர் ஓடுச்சா?"

ஓடவில்லை. கரண்ட் பில் எகிறுகிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் சொன்னார்களாம். பத்து மணிக்கு நிறுத்திவிட்டு விடியற்காலையில் போட்டிருக்கிறார்.

ஐயப்பன்தாங்கலில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் எஸ்.டி.பி. என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. கழிவுநீர்ச் சோதனைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். என்னுடைய பழைய மைக்ராஸ்கோப்பில் அந்தப் பாட்டில் தண்ணீரை ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். அசைவே இல்லை.

நல்ல ஸ்லட்ஜ் (கசடு) என்றால் ஒரு சொட்டு போதும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். பழுப்புத் துகள்களின்மேல் புரோட்டோசோவா என்ற ஒருசெல் உயிர்கள் மணி வடிவில் காம்பு ஊன்றி நிற்கும். வோர்டிசெல்லா லேசாக அதிர்ந்தாலே ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகொள்ளும். எபிஸ்டைலிஸின் காம்பு சுருங்காது. கிளைவிட்டுக் கொத்தாக நிற்கும். வாய் விளிம்பில் இருக்கும் நுண்மயிர்கள் சுழன்று, தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவை உள்ளே இழுக்கும். இவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். அதைத் தொட்டிக்குள் ஊதுவதுதான் புளோயர்.

இப்படிக் காற்று ஊதி, கசடை வைத்தே கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறை பிறந்தது மான்செஸ்டரில். கில்பர்ட் ஃபவுலர் என்ற வேதியியலர் 1912-இல் அமெரிக்கா போனபோது, மாசசூசெட்ஸில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்ப்பதைக் கண்டார். ஊர் திரும்பியதும் ஆர்டன், லாக்கெட் என்ற இருவரிடம் அதைச் செய்து பார்க்கச் சொன்னார். முதல் தடவை பாட்டிலில் கழிவுநீர் முழுதாகத் தெளிய ஏறத்தாழ ஐந்து வாரம் பிடித்தது. அவர்கள் அடியில் படிந்த கசடைக் கொட்டவில்லை. அதன் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றி மறுபடி காற்று விட்டார்கள். இப்படியே திரும்பத் திரும்பச் செய்ய, வாரக்கணக்கு மணிக்கணக்காகக் குறைந்தது. 1914 ஏப்ரல் 3 அன்று அதைக் கட்டுரையாக வாசித்தார்கள். வீட்டில் தயிருக்கு உறை மோர் எடுத்து வைப்பதும் இதே கணக்குதான்.

ஃபவுலர் 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். கழிவுநீர் ஆராய்ச்சி அங்கே வேர்விட்டது. பிற்பாடு உயிர்வேதியியல் துறைக்குத் தலைமையேற்ற வி. சுப்பிரமணியனும் அவருடன் வேலை செய்த எஸ்.சி. பிள்ளையும் யாரும் பெரிதாக மதிக்காத ஒன்றைக் கூர்ந்து பார்த்தார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்வது பாக்டீரியா, புரோட்டோசோவா சும்மா உடன் இருப்பது என்பதுதான் அன்று பலரின் எண்ணம். இவர்கள் 1942-இல் 'நேச்சர்' இதழில், சுத்திகரிப்பில் புரோட்டோசோவாவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று எழுதினார்கள். உலகப்போர் நடந்துகொண்டிருந்த வருடம் அது. 1944-இல் அதே இதழில் மறுபடியும் எழுதினார்கள். பாக்டீரியாவின் பங்கை அவர்கள் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் 1968-இல் இங்கிலாந்தில் கர்ட்ஸ் குழுவினர் இந்த உயிர்கள் இல்லாத சிறு தொட்டிகளை ஓட்டியபோது தண்ணீர் கலங்கலாகவே வந்தது. அவற்றைச் சேர்த்த பிறகு தெளிந்தது. நான் படித்த பாடப்புத்தகத்தில் மான்செஸ்டர் இருந்தது, பெங்களூரு இல்லை. பிள்ளையின் பெயரை வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

தாங்கல் என்றால் சிறு ஏரி. எங்கள் ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் போரூர் ஏரி, சென்னைக்குக் குடிநீர் தருவது. நெசப்பாக்கத்தில் தினம் 1 கோடி லிட்டர் கழிவுநீரை மேலும் சுத்திகரிக்கும் ஆலையைக் கட்டியது, அந்த நீரை இந்த ஏரியில் விடத்தான். அதற்கு முன் கழிவுநீர்த் தொட்டியில் முதல் வேலையைச் செய்வது இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம்.

எங்கள் தொட்டிக்கு வருகிறேன். சங்கத்தில் பேசி, இரவும் பகலும் புளோயரை ஓடவிட்டோம். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து நல்ல ஸ்லட்ஜ் கொஞ்சம் வாங்கி ஊற்றினோம். தினமும் தொட்டித் தண்ணீரை ஒரு லிட்டர் சிலிண்டரில் பிடித்து அரைமணி நேரம் வைத்துப் பார்ப்போம். பன்னிரண்டாம் நாள் கசடு பழுப்பாகக் கீழே இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. தம்பியைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

உங்கள் குடியிருப்பிலும் எஸ்.டி.பி. இருந்தால், இன்று இரவு பதினொரு மணிக்கு ஒரு நடை கீழே இறங்கிப் போய், புளோயர் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.