பறந்து பறந்து சண்டை போடும் கதைகளை எழுதியவர்கள்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். டிவியில் 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படம் பார்த்தானாம். மூங்கில் உச்சியில் நின்று வாள் சண்டை போடுவார்களே, அதுதான். "டீச்சர், நீங்க சீனக் கதையெல்லாம் படிக்கிறீங்களாமே. இதை எழுதினது யாரு? கடைசியில மலையிலேர்ந்து குதிக்குதே அந்தப் பொண்ணு, செத்துடுச்சா இல்லையா?" என்று கேட்டான். இரண்டுக்கும் பதில் உண்டு. ஆனால் கொஞ்சம் சுற்றி வந்துதான் சொல்வேன். பாடம் நடத்திய பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சீன மொழி தெரியாது. மகன் வாங்கித் தந்த ஆங்கில மொழிபெயர்ப்புகளை அகராதியோடு உட்கார்ந்து படித்தவள் நான்.

இந்த வகைக் கதைக்கு 'வூசியா' என்று பெயர். 'வூ' என்றால் போர்க்கலை. 'சியா' என்பதற்கு நம்மிடம் சரியான ஒரு சொல் இல்லை. எளியவனுக்கு அநியாயம் நடந்தால் அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் தானே இறங்குகிறவர் என்று சொல்லலாம். சண்டை எல்லா எழுத்தாளர்களிடமும் இருக்கிறது. 'சியா' என்று யாரைச் சொல்வது என்பதில்தான் ஒவ்வொருவரும் மாறுகிறார்கள்.

1954 ஜனவரியில் ஹாங்காங்கைச் சேர்ந்த இரண்டு குருமார்கள் மக்காவில் மேடை போட்டு மோதினார்கள். ஒருவர் தாய்ச்சி, மற்றவர் வெண்கொக்குப் பாணி. சில நிமிடங்களில் ஒருவர் மூக்கில் ரத்தம், பிறகு வெற்றி தோல்வி இல்லை என்று அறிவிப்பு. இவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊர் முழுக்க அதே பேச்சு. 'நியூ ஈவ்னிங் போஸ்ட்' பத்திரிகை ஆசிரியர் சும்மா இருப்பாரா? சென் வென்தொங் என்ற இளம் பத்திரிகையாளரைப் பிடித்து, உடனே ஒரு சண்டைத் தொடர்கதை வேண்டும் என்றார். போட்டி முடிந்த மூன்றாம் நாள் தொடர் ஆரம்பமாகிவிட்டது. அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் லியாங் யூஷெங்.

லியாங் நல்ல கவிதைப் பயிற்சி உள்ளவர், சதுரங்கப் பைத்தியம். சண்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அறம் இல்லாமல் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் அவருடைய நாயகர்கள் கவிதை சொல்லிக்கொண்டே வாள் வீசும் நல்லவர்கள். 35 நாவல் எழுதினார். ஒரு வேடிக்கை கேளுங்கள். 1966-இல் தன்னையும் ஜின் யோங்கையும் ஒப்பிட்டு ஒரு விமர்சனக் கட்டுரையை வேறு பெயரில் அவரே எழுதினார்! தேர்வு எழுதிய பையனே விடைத்தாளையும் திருத்தியது மாதிரி.

அந்த ஜின் யோங்கின் இயற்பெயர் சா லியாங்யோங். லியாங்கின் சக பத்திரிகையாளர், சதுரங்க நண்பர். 1955-இல் முதல் தொடர். 1959-இல் 'மிங் பாவ்' என்று சொந்தப் பத்திரிகையே தொடங்கி, ஒரு பக்கம் தலையங்கம், ஒரு பக்கம் தொடர்கதை என்று எழுதித் தள்ளினார். நாம் கல்கிக்கு வாரம் முழுக்கக் காத்திருந்தோம், ஹாங்காங்காரர்கள் தினமும் காலையில் படித்தார்கள். 1965-இல் வெளிநாடு போனபோது தொடர் நிற்கக்கூடாது என்று நண்பர் நி குவாங்கை எழுதச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால் நண்பர் ஒரு பெண் பாத்திரத்தின் கண்ணைக் குருடாக்கி வைத்திருந்தார். ஜின் யோங் அதையும் கதையோடு கோத்துக்கொண்டார்.

எனக்கு அவரிடம் பிடித்தவன் குவோ ஜிங். 1957-இல் தொடங்கிய கழுகு வீரர்கள் கதையின் நாயகன். மங்கோலியப் புல்வெளியில் வளர்கிறான். ஏழு ஆசிரியர்கள் சேர்ந்து சொல்லிக் கொடுத்தும் ஏறாத மந்தபுத்தி. ஒரே அடியை ஆயிரம் தடவை பழகிப் பழகியே பெரிய வீரனாகிறான். எத்தனை கடைசி பெஞ்சுக்காரர்களை நினைத்துக்கொண்டேன் தெரியுமா! ஆனால் 1972-இல் முடிந்த கடைசி நாவலின் நாயகன் வெய் சியாவ்பாவ் நேர் எதிர். விபசார விடுதியில் பிறந்தவன், எழுத்து தெரியாது, சண்டை தெரியாது, வாயைத் திறந்தால் பொய். 15 வருடத்தில் அந்த மனிதருக்குள் என்ன நடந்திருக்கும்? 1951-இல் அவர் அப்பாவைச் சீனாவில் புதிய ஆட்சி சுட்டுக் கொன்றிருந்தது. அவர் புத்தகங்களைச் சீனாவும் அனுமதிக்கவில்லை, தைவானும் 1979 வரை அனுமதிக்கவில்லை. வீரர்கள் மேல் நம்பிக்கை போயிருந்தால் ஆச்சரியமில்லை.

தைவானில் எழுதிய கூ லோங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவர் எழுத்தும் அப்படித்தான். ஒரு வரி, ஒரு பத்தி. எந்த வம்சம், எந்த வருடம் என்று சொல்லமாட்டார். பத்துப் பக்கம் இருவர் முறைத்துக்கொள்வார்கள், கத்தி ஒரே ஒரு தடவை பறக்கும், கதை முடிந்துவிடும். அவருக்கு 'சியா' என்றால் நண்பனுக்காகச் சாகத் துணிந்தவன், தனியாகக் குடிப்பவன். அந்தக் குடியே 1985-இல் அவரைக் கொண்டுபோனது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நண்பர்கள் 48 பிராந்தி பாட்டில்களோடு அடக்கம் செய்தார்கள். எனக்கு அதில் பெருமை ஒன்றும் தெரியவில்லை.

இனி மாணவனின் கேள்விக்கு வருகிறேன். படத்தின் கதை இவர்கள் யாருடையதும் இல்லை, இவர்களுக்கு முந்தியவர் எழுதியது. பெயர் வாங் டூலூ. 1909-இல் பெய்ஜிங்கில் ஏழை மஞ்சு குடும்பத்தில் பிறந்தவர். ஜப்பானியர் பிடியில் இருந்த சிங்தாவ் நகரப் பத்திரிகையில், வயிற்றுப்பாட்டுக்காகத் தொடர்கதை எழுதினார். அவர் வீரர்கள் வாளால் எதையும் வெல்வார்கள், ஆனால் விரும்பியவரோடு வாழ மாத்திரம் முடியாது. குடும்ப கௌரவம், கொடுத்த வாக்கு, அந்தஸ்து ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். என்னைக் கேட்டால் இந்த நால்வரில் மனித மனதை நன்றாக அறிந்தவர் இவர்தான்.

1949-க்குப் பிறகு சீனாவில் இந்த வகைக் கதைகளுக்கு இடமில்லை. நாற்பது வயதில் பேனாவை மூடினார். பிறகு என்ன ஆனார் தெரியுமா? ஷென்யாங்கில் பள்ளிக்கூட வாத்தியார், மொழிப் பாடம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கலாசாரப் புரட்சியின்போது கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, 1977-இல் இறந்தார். படம் 2000-இல் வந்தது, அடுத்த ஆண்டு நான்கு ஆஸ்கர் வாங்கியது.

அந்தப் பெண் சாகவில்லை, தம்பி. நாவலிலும் மலையிலிருந்து குதிக்கிறாள். ஆனால் அது வீட்டிலிருந்து தப்பிக்கச் செய்த ஏற்பாடு. அதற்கு அடுத்த நாவலில் நடுவயதுக்காரியாகக் குதிரையில் வருகிறாள், பிரிந்த மகனைத் தேடிக்கொண்டு.