ஊட்டி மலை ரயிலை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவது ஏன்? 46 கி.மீ. பாதையின் கதை

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குக் கிளம்பும் நீலகிரி மலை ரயில், ஊட்டி போய்ச் சேர மதியம் ஆகிவிடும். தூரம் என்னவோ 46 கி.மீ. தான். கணக்குப் போட்டால் மணிக்கு 10 கி.மீ. வேகம்கூட வராது. பஸ்ஸில் போனால் இதைவிட சீக்கிரம் போயிடலாம். அப்படின்னா இந்த ரயிலின் வேகத்தைக் கூட்ட முடியாதா? முடியாது. காரணம், தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பற்கள்.

பல் தண்டவாளம் எதற்கு?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,203 மீட்டர் உயரத்தில். முதல் 8 கி.மீ., அதாவது கல்லாறு வரை பெரிய ஏற்றம் கிடையாது. கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் சோதனை. அங்கே சில இடங்களில் 12 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே ஏற வேண்டும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு அவ்வளவு பிடிமானம் கிடைக்காது, வழுக்கிவிடும்.

இதற்குத் தீர்வு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ரோமன் ஆப்ட் உருவாக்கிய முறை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரங்கள் அதைப் பிடித்துக்கொண்டே ஏறும். இரண்டு பட்டைகளின் பற்களும் ஒரே நேர்கோட்டில் இருக்காது, ஒன்றுவிட்டு ஒன்று மாறி இருக்கும். அதனால் எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல் பிடியில் இருக்கும்.

எஞ்சின் ஏன் பின்னால்?

பாதுகாப்புக்காகத்தான். ஏறும்போது எஞ்சின் முன்னால் இருந்து இழுத்தால், நடுவில் இணைப்பு அறுந்துவிட்டால் பெட்டிகள் பள்ளத்தை நோக்கி ஓடிவிடும். எஞ்சின் எப்போதும் இறக்கத்தின் பக்கம் இருந்தால் பெட்டிகளைத் தாங்கி நிற்கும். இறங்கும்போது அதே எஞ்சின் முன்னால் வந்துவிடுகிறது. போதாததற்கு ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக் ஊழியர் நிற்பார். எஞ்சினின் விசில் சத்தம்தான் அவருக்கு உத்தரவு.

54 வருட இழுபறி

இந்தப் பாதைக்கான யோசனை 1854-லேயே வந்துவிட்டது. ஆனால் வேலை தொடங்கியது 1891-ல். முதலில் கையில் எடுத்த தனியார் நிறுவனம் பணமில்லாமல் பாதியில் முடங்க, புதிய நிறுவனம் வந்து வேலையைத் தொடர்ந்தது. 1899-ல் குன்னூர் வரை ரயில் ஓடியது. 1903-ல் அரசு பாதையை விலைக்கு வாங்கியது. 1908-ல் ஊட்டி வரை நீண்டது. மொத்தம் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இன்னும் நீராவி ஏன்?

குன்னூரிலிருந்து ஊட்டி வரை பல் தண்டவாளம் இல்லை. அங்கே டீசல் எஞ்சின் ஓடுகிறது. 'மூன்றாம் பிறை' படத்தின் கிளைமாக்ஸ் எடுக்கப்பட்ட கேத்தி ஸ்டேஷன் இந்தப் பகுதியில்தான் வருகிறது. ஆனால் மேட்டுப்பாளையம் - குன்னூர் இடையே 'எக்ஸ்' வகை நீராவி எஞ்சின்தான். இதில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரண சக்கரங்களைச் சுழற்றும், மற்ற இரண்டு பல்சக்கரங்களைச் சுழற்றும். சாதாரண டீசல் எஞ்சினில் பல்சக்கரம் கிடையாது என்பதால், அதைக் கொண்டுவந்து இங்கே மாட்டிவிட முடியாது.

பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் தயாரானவை. இன்று அங்கே போய் ஆர்டர் கொடுக்க வழியில்லை. அதனால் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையே புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து தந்தது. நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயில் ஓடும் எஞ்சின்களும் அவற்றில் உண்டு.

மழை வந்தால்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கல்லாறு - குன்னூர் இடையே மண்சரிவு அடிக்கடி நடக்கும். பாறையும் மரமும் விழுந்தால் தண்டவாளத்தோடு பல் பட்டையும் சேதமாகும். இது ஒற்றைப் பாதை. மாற்று வழி கிடையாது. சரிசெய்யும் வரை அந்தப் பகுதியில் ரயில் நிற்க வேண்டியதுதான்.

எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை டிக்கெட் போட்டவர்கள், கிளம்பும் முன் சேலம் ரயில்வே கோட்டத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ரயில்வே தரப்பிலிருந்து ரயில் ரத்தானால் டிக்கெட் பணம் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். மேட்டுப்பாளையம் பக்கம் பாதை அடைபட்டிருந்தாலும், குன்னூர் - ஊட்டி பாதையில் சேதம் இல்லையென்றால் அங்கே ரயில் ஓட வாய்ப்பு உண்டு. பஸ்ஸில் குன்னூர் வரை போய், அங்கிருந்து ரயில் ஏறலாம்.