ஆகஸ்ட் கணக்கில் வராத பிள்ளைகள்: திருவள்ளூர்ச் சூளைப் பகுதியும் பள்ளி மனநலமும்

2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரிலும், சில நாள்களிலேயே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலும், விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் 2 மாணவியர் இருவர் இறந்தனர். அதன்பின் மாணவர் மனநலம் குறித்துத் தமிழகத்தில் எழுந்த விவாதம் பெரும்பாலும் பொதுத்தேர்வு, விடுதி, நீட் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. ‘மாணவர் மனசு’ பெட்டி, 14417 உதவி எண் ஆகியவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால், தமிழில் எழுதத் தெரிந்து, ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரே பள்ளியில் இருக்கிற பிள்ளையை மனத்தில் வைத்தே இவை உருவாயின. திருவள்ளூர் மாவட்டத்தில் அந்த வரையறைக்குள் அடங்காத பிள்ளைகள் உண்டு. தலைக்கணக்கை வைத்தே உதவி ஒதுக்கப்படும் வரை அவர்களுக்கு அது எட்டாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வட்டாரச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் போலாங்கிர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அறுவடை முடிந்த கையோடு தரகர் முன்பணம் கொடுத்துவிடுகிறார். கணவன், மனைவி, கூடவே ஒரு பிள்ளை என மூவரையும் சேர்த்து ‘பத்தரியா’ என்ற ஒரே அலகாகக் கணக்கிடுவது வழக்கம். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பெற்றோர் மண் குழைத்து அச்சில் கல் அறுக்க, களத்தில் காயும் பச்சைக்கல்லைப் புரட்டி நிமிர்த்தி வைப்பது பிள்ளையின் பொறுப்பாகிறது. ஈரக்கல் நடுவே நடக்க எடை குறைந்த உடம்புதான் தோது என்று அதற்கு ஒரு நியாயமும் உண்டு! மழைக்கு முன் சூளை அடங்கியதும் ஊர் திரும்பல். கல்வியாண்டு இரண்டு மாநிலங்களுக்கும் இரண்டு மொழிகளுக்கும் இடையே துண்டாகிறது.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பின்தொடர்ந்தனர். வறுமை, குடும்பச் சச்சரவு எனப் பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தனர். அவர்களுக்கு வாய்த்தவற்றுள் முக்கியமானது, பாட்டியோ ஆசிரியரோ யாரேனும் ஒரு பெரியவரின் நிலையான துணை. சூளைப் பிள்ளை ஆண்டுதோறும் இழப்பது இதைத்தான். கண்ணை மூடி மூச்சு விடச் சொல்லும் அரைநாள் முகாமால் இந்த இடத்தை நிரப்ப முடியாது.

இங்கு நடந்த முயற்சிகளில் பணியிடப் பள்ளிகளே இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்தன. அனைவருக்கும் கல்வி இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சூளைகளை ஒட்டி நடத்திய வகுப்புகளில் ஒடிசா அரசின் பாடநூல்களே பயன்பட்டன. ஒடியா பேசும் ஆசிரியர்கள் அங்கிருந்தே வந்தனர். இவற்றை எழுத்தறிவுத் திட்டமாகவே மதிப்பிட்டு வந்திருக்கிறோம். அழுகிற பிள்ளை எதற்கு அழுகிறது என்று அதன் மொழியிலேயே கேட்க ஒருவர் இருப்பதும் மனநலச் சேவைதான். சூளையடியில் பள்ளி வைப்பது பிள்ளைகளை இழுத்து வரும் இடப்பெயர்வை நியாயப்படுத்தாதா என்ற எதிர்வாதம் வலுவானது. அதனால்தான் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க ஒடிசாவில் பருவகால விடுதிகள் தொடங்கப்பட்டன. கல்வி தொடர அவை உதவும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை அரையாண்டு பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டில் எது மேல் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத்தான் முடிவு செய்ய இயலும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் நிலைமை வேறு. அங்கே வேலைக்காகப் புலம்பெயர்ந்த குடும்பம் ஆண்டு முழுவதும் இருக்கும், ஷிப்ட்தான் மாறும். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் அவர் தூங்கும்போது பிள்ளை பள்ளியில்; பிள்ளை தூங்கும்போது அவர் ஆலையில்.

அப்படியானால் இந்தப் பிள்ளைகளுக்கு நிலையான துணையாக இருக்கக்கூடிய அந்தப் பெரியவர் யார்? ஆசிரியர் என்பதே எல்லோர் வாயிலும் வரும் விடை. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து 2018-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘சேஹர்’ ஆய்வு வேறு விடை தருகிறது. மாணவர் நலனுக்கென்றே அமர்த்தப்பட்டு, பயிற்சி பெற்ற, தொழில்முறை வல்லுநரல்லாத ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன. அதே பணியை ஆசிரியரிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்த பள்ளிகளில் பயனில்லை. அது ஒன்பதாம் வகுப்பினரிடம் நடந்த ஆய்வு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எனினும் ‘எமிஸ்’ தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றவே நேரம் போதாத ஆசிரியரிடம் இதையும் சுமத்துவோர் அந்த ஆய்வைப் படித்தாக வேண்டும். ஆலோசகர் பட்டம் பெற்றவராகவே இருக்க வேண்டியதில்லை. 1984-இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதி முகாம்வாசிகளையே ஆலோசகர்களாகப் பயிற்றுவித்திருக்கிறது.

2025 ஜூலை 25-இல் சுக்தேப் சாஹா வழக்கில் மாணவர் மனநலம் குறித்து உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிறுவனங்களுக்குத் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரேனும் வேண்டும் என்கின்றன. சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநரிடம் அனுப்பி வைத்தால் போதும். சூளையோரத்துச் சிறிய ஒன்றியப் பள்ளிக்கு அந்த வல்லுநர் எங்கே இருக்கிறார்? தமிழகத்தில் ஆசிரியர் பணியிட நிர்ணயமும் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்தே நடக்கிறது. அன்று அந்தப் பிள்ளைகள் ஒடிசாவில் இருக்கிறார்கள். புலம்பெயர் குடும்பப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு 2009-இலேயே சொல்லிவிட்டது. அவர்களை எந்த மாதத்தில் எண்ணுவது என்று சொல்லவில்லை. இந்த மாவட்டத்துக்கேனும் பிப்ரவரியில், சூளைகளையும் சேர்த்து, இன்னொரு கணக்கெடுப்பு வேண்டும். அதன்படி குறுவள மையத்துக்கு ஒருவராக, ஒடியாவோ இந்தியோ தெரிந்த ஆலோசகரை நியமிக்கலாம். ஊர் திரும்பும் பிள்ளையைப் பற்றி அவர் எழுதும் ஒரு பக்கக் குறிப்பு அங்குள்ள ஆசிரியருக்குப் போய்ச் சேர வேண்டும். பாடநூலையும் ஆசிரியரையும் அனுப்பிப் பழகிய ஒடிசா அரசிடம் இந்தச் செலவில் பாதியைக் கேட்பதில் தவறில்லை.