டாக்டர் சீட்ல துண்டு போட்டவர் யார்?

இந்த எபிசோட் ஒரு மருந்துச் சீட்டுல இருந்து ஆரம்பிக்குது.

எங்க ஊர் மணலூர்பேட்டை. கள்ளக்குறிச்சி மாவட்டம், தென்பெண்ணை ஆத்தங்கரையில ஒரு பேரூராட்சி. தை அஞ்சாம் தேதி திருவண்ணாமலையில இருந்து அண்ணாமலையார் எங்க ஆத்துக்கு வந்து தீர்த்தவாரி முடிச்சிட்டுப் போவார். அன்னிக்கு ஊர்ல பாதி பேர் வீட்டுல இருக்க மாட்டாங்க, ஆத்துமணல்லதான் இருப்பாங்க. சில வருஷத்துக்கு முன்னாடி அந்தத் திருவிழா ராத்திரி எங்க ஆயாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. வழக்கமா பார்க்கிற டாக்டரோட கிளினிக் வாசல்ல "டாக்டர் வெளியூர் சென்றுள்ளார்"னு அட்டை தொங்குது. ஒரு வண்டியைப் பிடிச்சு பக்கத்து டவுன்ல ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம்.

அங்க இருந்தவர் என் வயசுதான் இருப்பார். தூக்கக் கலக்கத்துல எழுந்து வந்தார். ஆனா கைராசிக்காரர். நெபுலைசர் வெச்சார், ஒரு ஊசி போட்டார், விடியறதுக்குள்ள ஆயா எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாங்க. காலையில பில் கட்டும்போதுதான் மருந்துச் சீட்டைப் பார்த்தேன். மேல அச்சடிச்ச பேரும் பதிவு எண்ணும் நர்சிங் ஹோம் நடத்துற பெரிய டாக்டரோடது. கீழே இருந்த கையெழுத்து வேற யாரோடதோ. "அவர் நைட் ட்யூட்டி டாக்டர் சார், கிளம்பிட்டார்"னு சொன்னாங்க. பேர் என்னன்னு கேட்டேன். கவுன்ட்டர்ல இருந்த அக்கா கொஞ்சம் யோசிச்சிட்டு, "புதுசா வந்தவர் சார்"னாங்க.

அந்தப் புதுசா வந்தவருக்கு உலகம் முழுக்க ஒரு பேர் இருக்கு: லோக்கம். லத்தீன்ல 'லோக்கம் டெனன்ஸ்'னா இடத்தைப் பிடிச்சு வெச்சிருக்கிறவர்னு அர்த்தம். 'லெப்டினன்ட்'ங்கிற வார்த்தையும் இதே வேர்ல இருந்து பிரெஞ்சு வழியா வந்ததுதான். நம்ம ஊர் பாஷையில சொன்னா, பஸ் ஜன்னல் வழியா சீட்ல துண்டு போடுறோமே, அது. உரியவர் வர்ற வரைக்கும் இடம் அவருடையது, உட்கார்ந்திருக்கிறது துண்டு.

டாக்டருங்க உலகத்துல இந்தத் துண்டு போடுற பழக்கம் ரொம்பப் பழசு. 1847ல அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் முதல் நெறிமுறைத் தொகுப்பை வெளியிட்டப்போ, இதுக்குன்னே அதுல ஒரு பகுதி இருந்தது. ஒரு டாக்டர் ஊருக்குப் போகணும்னா சக டாக்டரைப் பார்த்துக்கச் சொல்லலாம், அப்படிக் கேட்டா பார்த்துக்கிறது மரியாதை. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, கொஞ்ச நாள் ஏற்பாடுன்னா, வர்ற பீஸ் எல்லாம் ஊருக்குப் போனவருக்கே சேரணும். வேலை பார்க்கிறவருக்கு இல்ல! நாளைக்கு எனக்கு நீ, இன்னைக்கு உனக்கு நான். மொய் எழுதுற கணக்குதான்.

ஷெர்லாக் ஹோம்ஸ் படிச்சவங்களுக்கு இது தெரிஞ்ச காட்சி. 1891ல வந்த பாஸ்கோம்ப் பள்ளத்தாக்குக் கதையில, ஹோம்ஸ் தந்தி அடிச்சதும் வாட்சன் தயங்குவார். அவர் மனைவிதான், அன்ஸ்ட்ரதர் உங்க நோயாளிகளைப் பார்த்துப்பார், நீங்க போங்கன்னு அனுப்பி வைப்பாங்க. வாட்சன் இப்படி நெனச்சப்பெல்லாம் துப்பறியக் கிளம்பினதுக்கு அந்த அன்ஸ்ட்ரதர் மாதிரி ஆளுங்கதான் காரணம். அவங்களைப் பத்தித் தனியா யாரும் கதை எழுதல.

நம்ம நாட்டு விதியிலயும் இந்த மரியாதை அப்படியே இருக்கு. 2002ல வந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதிகள்ல 4.3ங்கிற பிரிவைப் பாருங்க. இன்னொரு டாக்டருக்குப் பதிலா உட்காருறவர், தன் வேலையோட சேர்த்து அதையும் தாங்க முடிஞ்சா மட்டும்தான் ஒத்துக்கணும். வராதவரோட பேருக்கும் நலனுக்கும் பங்கம் வரக்கூடாது. அவர் திரும்பி வந்ததும் நோயாளிகளை அவர்கிட்டயே ஒப்படைக்கணும். கிட்டத்தட்ட 150 வருஷ இடைவெளி, ஒரே மனநிலை. ரெண்டு டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் நேர்ல அறிஞ்சவங்கன்னு வெச்சுக்கிட்டு எழுதின விதி இது. இந்தப் புள்ளியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

தெரிஞ்சவர் பக்கத்துல இல்லன்னா என்ன பண்றது? பிரிட்டன்ல மருத்துவ இதழ்கள்ல வரி விளம்பரம் கொடுத்தாங்க, அப்புறம் ஏஜென்சிகள் முளைச்சுது. அமெரிக்கா கொஞ்சம் வேற வழியில போச்சு. 1970கள்ல யூட்டா பல்கலைக்கழகத்துல இருந்த தீரஸ் கோல்ஃப், ஆலன் கிரான்ஹாஸ்ங்கிற ரெண்டு டாக்டர்கள், ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையோட நிதியில ஒரு ஏற்பாடு பண்ணாங்க. மேற்கு மாநிலங்கள்ல குக்கிராமக் கிளினிக்ல ஒத்தை ஆளா இருக்கிற டாக்டர் லீவு எடுத்தா, அங்க போய் உட்கார ஒரு ஆளை அனுப்புறது. ஊருக்கு ஒரே டாக்டர், அவருக்கும் மகள் கல்யாணம் வரும், காய்ச்சல் வரும். கிளினிக் வாசல்ல அட்டை தொங்குற பிரச்சனைதான் அங்கயும். 1979ல இது காம்ப்ஹெல்த்ங்கிற நிறுவனமா மாறுச்சு. இன்னைக்கு அமெரிக்காவுல பெரிய தொழிலா நடக்கிற லோக்கம் ஏஜென்சி முறையோட தொடக்கம் இதுதான்.

ஏஜென்சின்னா கமிஷன். கமிஷன்னா எங்களை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு எச்சில் ஊறும். நடுவுல ஒருத்தர் உட்கார்ந்து போன் பேசிக் காசு பார்க்கிறாரா? அவரைத் தூக்கிட்டு ஒரு ஆப் போடு! 2015ல நியூயார்க்ல ஆரம்பிச்ச நோமட் ஹெல்த் சரியா இதைத்தான் சொல்லுச்சு: இடைத்தரகர் இல்லாம டாக்டரும் ஆஸ்பத்திரியும் நேரடியா இணையலாம். ஆனா 2017லேயே அவங்க நர்ஸ்கள் பக்கம் திரும்பிட்டாங்க. ஏன்னு நான் யோசிச்சேன். இது என் ஊகம்தான். டாக்டரையும் காலி இடத்தையும் பொருத்துறது ஒரு தேடல் கேள்வி, காலேஜ் புராஜெக்ட்லயே எழுதிடலாம். கஷ்டம் அதுக்கு அப்புறம். இவர் நிஜமாவே டாக்டரா, இந்த மாநிலத்துல லைசென்ஸ் இருக்கா, முன்னாடி எங்கயாவது புகார் இருக்கா, தப்பு நடந்தா யாரோட இன்சூரன்ஸ்? ஏஜென்சிக்காரர் வாங்கின கமிஷன்ல பாதி இந்த வேலைக்குத்தான் போயிருக்கும். அவரைத் தூக்கினா வேலை காணாம போகாது, வேற யாரோட தலையிலயாவது விழும்.

அந்தச் சரிபார்ப்பு நழுவினா என்ன ஆகும்ங்கிறதுக்குப் பிரிட்டன்ல ஒரு சம்பவம் இருக்கு. கொஞ்சம் கனமானது.

2004ல அங்க குடும்ப டாக்டர்களுக்குப் புது ஒப்பந்தம் வந்தது. ராத்திரி, வார இறுதி நேரப் பொறுப்புல இருந்து அவங்க விலகிக்கலாம். அந்த நேரத்தை நிரப்பத் தனியார் நிறுவனங்கள் வந்தாங்க, அவங்க வெளிநாட்டுல இருந்தும் டாக்டர்களை வரவழைச்சாங்க. 2008 பிப்ரவரியில டேனியல் உபானிங்கிற டாக்டர் ஜெர்மனியில இருந்து விமானத்துல வந்து, கேம்பிரிட்ஜ்ஷைர்ல தன் முதல் ஷிப்ட்டைப் பார்த்தார். வலியில இருந்த 70 வயசு நோயாளி ஒருத்தருக்கு 100 மில்லிகிராம் டயமார்ஃபின் போட்டார். உச்ச அளவைப் போலப் பத்து மடங்கு. ஜெர்மனியில புழக்கத்துல இல்லாத மருந்து அது. நோயாளி இறந்துட்டார்.

பின்னாடி விசாரணையில வெளிவந்ததைப் படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உபானி முதல்ல லீட்ஸ் பகுதிப் பட்டியல்ல சேர விண்ணப்பிச்சிருக்கார். ஆங்கிலம் போதாதுன்னு அவங்க சேர்க்கல. அடுத்து கார்ன்வால்ல விண்ணப்பிச்சார், சேர்த்துக்கிட்டாங்க. ஒரு பட்டியல்ல இருந்தா போதும், நாட்டுல எங்க வேணா வேலை பார்க்கலாம். ஒரு இடத்துல 'இல்லை'ன்னு சொன்ன தகவல் இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேரல. என் வேலையில இதை ரெண்டு டேட்டாபேஸ் ஒத்துப்போகலன்னு சொல்லி ஒரு டிக்கெட் போடுவோம், அடுத்த வாரம் பார்க்கலாம்னு தள்ளி வைப்போம். இங்க அது ஒரு உயிர். 2010ல பிரிட்டிஷ் பதிவேட்டுல இருந்து அவர் பேரை நீக்கினாங்க. ஐரோப்பிய டாக்டர்களோட ஆங்கிலத்தைச் சோதிக்கிற அதிகாரம் அங்கத்த மருத்துவக் கவுன்சிலுக்கு வந்தது 2014லதான்.

அதே நாட்டுல ஏஜென்சிச் செலவும் கட்டு மீறிப் போச்சு. 2014-15 நிதியாண்டுல மட்டும் இங்கிலாந்துல அரசு மருத்துவச் சேவை தற்காலிக ஊழியர்களுக்காக ஏஜென்சிகளுக்குக் கொடுத்தது சுமார் 330 கோடி பவுண்டு. 2015 நவம்பர்ல மணிக்கு இவ்வளவுதான்னு உச்சவரம்பு போட்டாங்க. அடுத்த வருஷமே அஹ்மத் ஷஹ்ரபானி, நிக்கோலஸ் ஆண்ட்ரியூன்னு ரெண்டு இளம் டாக்டர்கள் லோக்கம்ஸ் நெஸ்ட்னு ஒரு ஆப் ஆரம்பிச்சாங்க. இது எப்படிப் பிழைச்சதுன்னு கவனிங்க. ஆஸ்பத்திரி ஏற்கனவே சரிபார்த்து வெச்சிருக்கிற டாக்டர்களுக்குத்தான் அந்த ஆப் காலி ஷிப்ட்டைக் காட்டுது. அப்புறம் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரே பட்டியலைப் பகிர்ந்துக்கிற மாதிரி விரிஞ்சது. 'இவர் யார்'ங்கிற கேள்விக்கு ஆஸ்பத்திரி பதில் சொல்லிடுச்சு, 'எப்போ ஃப்ரீ'ங்கிறதுக்கு மட்டும் ஆப்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்க என்ன இருக்கு?

அரசுப் பக்கம் பார்த்தா, தற்காலிக டாக்டர்ங்கிறது தமிழ்நாட்டுல ஒரு தனி வரலாறு. 10(ஏ)(1)னு ஒரு அரசுப் பணி விதி இருந்தது. அவசரத் தேவைக்குத் தேர்வாணையத்துக்குக் காத்திருக்காம தற்காலிகமா நியமிக்கலாம். அப்படி உள்ள வந்த டாக்டர்கள் வருஷக்கணக்கா 'தற்காலிகமா' இருந்து, பிறகு சிறப்புத் தேர்வு எழுதி நிரந்தரமானாங்க. துண்டே சீட்டாயிடுச்சு. 2012ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்த பிறகு நிரந்தர நியமனம் அந்த வழியா போச்சு. ஆனாலும் 2020 டிசம்பர்ல 2000 மினி கிளினிக் திறந்தப்போ டாக்டர்களை எடுத்தது தற்காலிகமாத்தான். 2022 ஜனவரியில திட்டமே முடிஞ்சதுன்னு அறிவிச்சாங்க.

இன்னொன்னு 'மாற்றுப் பணி'. இருக்கிற டாக்டரை ஒரு ஆர்டர்ல இன்னொரு இடத்துக்கு அனுப்புறது. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60க்கும் மேல இறந்துபோனாங்க. அப்போ மாவட்டம் பிரிஞ்சே அஞ்சு வருஷம் ஆகல. மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில திறந்தது. வார்டு நிரம்பி வழிஞ்சப்போ வெளி மாவட்டங்கள்ல இருந்து டாக்டர்களை வரவழைச்சாங்க. அங்க ஆப்பும் இல்ல, ஏஜென்சியும் இல்ல. வந்தவங்க யார், எங்க படிச்சாங்க, என்ன துறைன்னு அரசுக்கு முன்னாடியே தெரியும். சரிபார்ப்பு பழைய பைல்லயே இருக்கு. இந்த முறையில ஓட்டை வேற இடத்துல. கல்வராயன் மலையில ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆள் அனுப்பணும்னா, கீழ சமவெளியில ஒரு நாற்காலி காலியாகும். காலியிடம் குறையறதில்ல, இடம்தான் மாறுது.

தனியார் பக்கம் நிலைமை வேற. லோக்கம் ஆப்கள் இங்கயும் வந்திருக்கு. ஆனா என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சு இப்போ டாக்டரா இருக்கிற நண்பன்கிட்ட கேட்டா சிரிக்கிறான். "வாட்ஸ்அப் குரூப்தான்டா ஆப்பு". எம்.பி.பி.எஸ். முடிச்சு முதுநிலை நீட்டுக்குப் படிக்கிற ரெண்டு மூணு வருஷம், இந்த ட்யூட்டிகள்தான் அவனுக்குச் சோறு போட்டது. 'நாளை நைட், எம்.பி.பி.எஸ். போதும், தங்க இடம், சாப்பாடு உண்டு'ன்னு மெசேஜ் வரும். முதல்ல 'நான்'னு போடுறவனுக்கு வேலை. பொங்கல் வாரம், தீபாவளி வாரம் குரூப் கொதிக்கும், ஏன்னா அப்போதான் எல்லா டாக்டரும் ஊருக்குப் போவாங்க.

நான் அவன்கிட்ட கேட்டேன்: "யாராவது உன் பதிவுச் சான்றிதழைக் கேட்டிருக்காங்களா?" பெரிய ஆஸ்பத்திரிகள்ல கேட்பாங்களாம். சின்ன இடங்கள்ல, "நம்ம சீனியர் சொன்ன ஆள்"னா போதுமாம். யோசிச்சுப் பார்த்தா இது 1847தான். தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவர். குரூப்ல 40 பேர் இருக்கிற வரைக்கும் அது வேலை செய்யும், எல்லாரும் ஒரே காலேஜ், ஒருத்தன் புளுகினா இன்னொருத்தனுக்குத் தெரியும். அந்த மெசேஜ் நாலு குரூப் தாண்டி ஃபார்வர்டு ஆகிப் போனப்புறம் பதில் போடுறவன் யாருன்னு யாருக்குத் தெரியும்? போலி டாக்டர் கைதுன்னு பேப்பர்ல அடிக்கடி பார்க்கிறோம்.

ஆபத்து நோயாளிக்கு மட்டும் இல்ல. 1995ல வி.பி. சாந்தா வழக்குல உச்ச நீதிமன்றம் காசு வாங்கிச் செய்ற மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள்ள கொண்டுவந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது தப்பாப் போனா, கேஸ் ஷீட்ல கையெழுத்துப் போட்ட அந்த 25 வயசுப் பையனும் கோர்ட்டுக்குப் போகணும். ஒப்பந்தம்னு அவன் கையில இருக்கிறது ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். சொந்தமா இன்சூரன்ஸ் எடுத்திருக்கியாடான்னு கேட்டேன். முதல் ரெண்டு வருஷம் எடுக்கலையாம், அப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் சொல்லலையாம்.

டாக்டர் பதிவேடு நமக்குப் புதுசு இல்ல. சென்னை மாகாணத்துல மருத்துவர் பதிவுச் சட்டம் 1914லேயே வந்தாச்சு. 2024 ஆகஸ்ட்ல தேசிய மருத்துவ ஆணையம் நாடு முழுக்க ஒரே பதிவேட்டுக்கான தளத்தைத் திறந்திருக்கு, ஆதாரோட இணைச்சு, ஆளுக்கு ஒரு எண். ஒரு இன்ஜினியரா நான் ஆசைப்படுறது இந்த இணைப்புக்குத்தான். எந்த ஆப்பா இருந்தாலும், குரூப் அட்மினா இருந்தாலும், ஷிப்ட்டை உறுதி பண்றதுக்கு முன்னாடி அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கணும். சீட்டுல அந்த எண் விழணும். இதுக்குப் புது விதி கூடத் தேவையில்ல. நான் முன்னாடி சொன்ன அதே 2002 விதிகள்ல 1.4.1ங்கிற பிரிவு, டாக்டர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்லயும் மருந்துச் சீட்டுலயும் காட்டணும்னு சொல்லுது. 'தன்' எண்ணை. சீட்டு அச்சடிச்சவரோட எண்ணை இல்ல.

ஆயா நல்லா இருக்காங்க. இந்த எபிசோடுக்காக அந்தப் பழைய சீட்டை பீரோவுல இருந்து எடுத்து நண்பனுக்குப் போட்டோ அனுப்பினேன். மருந்தெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கான், நல்ல பையன்னான். கையெழுத்தை மட்டும் ரெண்டு பேரும் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தோம். முதல் எழுத்து எஸ்ஸா, ஜேவான்னு இன்னும் பிடிபடல.